தாடையில் வைத்த துடுப்பு

மௌத்தாகி மண்ணுக்குப் போனவர்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று பள்ளிவாசலில் சொல்வார்கள். நஸீருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் வைத்திருக்கிறான். செய்னுலாப்தீனைக் கப்றில் வைத்து மண் போட்டவர்களில் அவனும் ஒருவன். மூன்று பிடி மண்ணோடு அந்தக் கோபத்தையும் போட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனான். திரும்பி வரும்போது அது அவனோடு லொறியில் ஏறிக்கொண்டது. அன்றிலிருந்து அவன் மரக்கட்டிலில் படுப்பதுமில்லை. சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறான்.

கோபத்தின் கதை பழையது. செய்னுலாப்தீன் அவனுடைய ராத்தாவைக் கட்டியவர். மூத்த சகோதரி மர்ளியாவின் மாப்பிள்ளை என்பதால் மச்சான் முறை. தகப்பன் இல்லாத வீடு என்பதால் வாப்பாவுக்கும் அவர்தான். நஸீருக்கு மீசை முளைக்கும் காலத்தில் அவனைக் கடல்நீர் புகுந்து நிற்கும் கற்பிட்டிக் களப்பில் தன் தோணியில் ஏற்றிக்கொண்டார். ஒரு நாள் காலை கரைக்கு வந்ததும், வலையிலிருந்து மீனைக் கழற்றக்கூட விடாமல், அவனுடைய சோற்றுப் பெட்டியையும் சாரத்தையும் தூக்கி மணலில் எறிந்தார். கரையோர மீன்வாடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இனி என்ட தோணியில நீ ஏறாதே.”

“நான் என்ன மச்சான் செஞ்சன்?”

“ஒன்டும் செய்யல்ல. ஏறாதே என்டா ஏறாதே.”

அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் ஒருவனை இறக்கிவிட்டால் காரணத்தை ஊர் கண்டுபிடிக்கும். மீன் களவெடுத்தான் என்றது ஒரு வாய். முசீபத்துப் பிடித்தவன், அவன் ஏறினால் வலை வெறுமையாக வரும் என்றது இன்னொரு வாய். பேசி வைத்திருந்த பெண் வீட்டார் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். “செய்னுலாப்தீன் இறக்கினவன நாங்க ஏத்துறதா?” என்று மற்றத் தோணிக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். நஸீர் கரை மனுசனானான். புத்தளத்திலிருந்து ஐஸ் ஏற்றி வந்து துறையில் இறக்கி, மீன் ஏற்றிக்கொண்டு போகும் சின்னப் பட்டா லொறிதான் அவனுக்குத் தொழில். தண்ணீரின் ஓரம்வரை லொறியைக் கொண்டுபோவான். டயர் நனையுமுன் திருப்பிவிடுவான்.

செய்னுலாப்தீனைப் பற்றிக் கேட்டால் கற்பிட்டியில் எவரும் முதலில் சொல்வது அவருடைய துடுப்பைத்தான். களப்பின் நடுவில் தோணியை நிறுத்துவார். துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியைத் தாடை எலும்பில் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வார். தோணியில் இருப்பவன் தும்மினாலும் ஏச்சு விழும். கொஞ்ச நேரத்தில் கையால் ஒரு திசையைக் காட்டுவார். அங்கே மணலை மீன் கூட்டமாக நிற்கும். சில நாள் ஒன்றும் நிற்காது. நிற்காத நாளில் “மீன் பொய் சொல்லிட்டு” என்பார். எல்லோரும் பைபர் போட்டுக்கு மாறிய பிறகும் அவர் பழைய மரத்தோணியை விடவில்லை. “பைபர் ஊமை. மரம்தான் கதைக்கும்” என்பது அவர் வாதம்.

மற்றபடி முரட்டு ஆள். சீனியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். கல்யாண வீட்டில் சாப்பிட்ட கை காயுமுன் கிளம்பிவிடுவார். பிள்ளை இல்லை. மர்ளியாவை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஒரு நாளும் புகழ்ந்ததுமில்லை. தெருவில் திரியும் கழுதைகளுக்கு மட்டும் பாண் துண்டு போடுவார். அவை அவர் பின்னால் துறைவரை வரும். கட்டிலில் படுக்கமாட்டார். “மரத்தில தலைய வச்சா தூக்கம் வராது” என்று தரையில் பாய் போட்டுத்தான் படுப்பார். அதை மர்ளியா அவருடைய கோணங்கித்தனங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டாள்.

போன வருசம் வாடைக்காற்று தொடங்கும் காலத்தில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து ஊசி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழும்பவில்லை. வலக்கையும் காலும் தூங்கிவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாரிசவாதம் என்று பார்த்தவுடனேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மர்ளியா பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்குப் போன் எடுத்தாள். அந்த நேரம் துறையில் நின்ற ஒரே வாகனம் அவனுடையதுதான். மீன் பெட்டிகளைத் தள்ளிவிட்டு நடுவில் அவரைக் கிடத்தினார்கள். கோணிய வாயால் அவர் நஸீரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

“மீனோட மீனா... ஐஸ்ல போட்டுக் கொண்டு போறியா?”

“வாய மூடிட்டுப் படுங்க மச்சான்” என்றான் நஸீர்.

நேரத்துக்குக் கொண்டுபோனதால் உயிர் தங்கியது. கையும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. ஆனால் டொக்டருக்குத் திருப்தியில்லை. யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளம் பொம்பிளை டொக்டர். மர்ளியாவையும் நஸீரையும் கதிரையில் இருத்தி வைத்துச் சொன்னார்:

“மூளைக்குப் போன ரத்தக்கட்டி எங்கயிருந்து வந்ததெண்டு தெரிய வேணும். சில பேருக்கு இதயம் இடைக்கிடை தாளம் தப்பித் துடிக்கும். அப்ப அது ரத்தத்தைப் பிழிஞ்சு தள்ளாமல் சும்மா நடுங்கும். ரத்தம் மூலையில தேங்கும், தேங்கினது கட்டியாகும். அப்பிடியெண்டால் ரத்தத்தை இளக்கிற குளிசை குடுக்க வேணும், இல்லாட்டி இன்னொரு தரம் வரும். ஆனால் தாளம் தப்பாத ஆளுக்கு அந்தக் குளிசை வீண் ஆபத்து. விழுந்து தலையில அடிபட்டால் ரத்தம் நிக்காது.”

“அது இப்ப பார்த்தாத் தெரியாதா மிஸ்?” என்று நஸீர் கேட்டான்.

“இப்ப நேராத்தான் துடிக்குது. அது எப்ப தப்புமெண்டு சொல்லேலாது. அதால நெஞ்சுத் துடிப்பைக் கோடாப் பதியிற ஒரு பெட்டி பூட்டி விடுறன். ஏழு நாள், ஒரு கிழமைக்குக் கழற்றக் கூடாது, நனைக்கக் கூடாது.”

நெருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதிலிருந்து நிறம் நிறமாக வயர்கள் வந்து நெஞ்சில் ஒட்டிய வட்ட வட்டமான ஒட்டுகளில் பூட்டியிருந்தன. ஒரு பச்சைப் புள்ளி கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கழன்றால் ஒட்டிக்கொள்ள என்று கொஞ்சம் புது ஒட்டுகளும் கொடுத்து விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை தொடங்கியது. தரையிலிருந்து அவரால் எழும்ப முடியாது. அதனால் மரக்கட்டில் ஒன்றை இரவலாக வாங்கிப் போட்டார்கள். முதல் நாள் மத்தியானம் தலையணை நழுவி அவருடைய தாடை கட்டில் சட்டத்தில் பட்டது. சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“மர்ளியா. யாரு அது?”

“ஒருத்தரும் இல்லையே.”

“அடிக்கிது. கேட்கல்லியா?”

மர்ளியாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கரையோரம் மின்சாரம் எடுக்க நிற்கும் பெரிய காற்றாடிகளின் சத்தமாக இருக்கும் என்றாள். அவர் தலையாட்டினார். இரண்டு நாள் கழித்துக் காற்று செத்துவிட்டது. களப்பு கண்ணாடி மாதிரிக் கிடந்தது, காற்றாடிகளின் இறக்கைகள் அசையாமல் நின்றன. ஐஸ் இறக்கிவிட்டு எட்டிப் பார்க்க வந்த நஸீரை அவர் கையால் கூப்பிட்டார். தாடையைக் கட்டில் சட்டத்தில் வைத்தபடியே கிடந்தார்.

“காத்தாடி சுத்துதா பாரு.”

“இல்ல.”

“அப்ப இது?”

“உங்கட நெஞ்சாத்தான் இரிக்கும்.”

பச்சைப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார். “என்டது நேரா அடிக்கிது. இது குழம்பி அடிக்கிது. இது என்டது இல்ல.”

நஸீர் கட்டிலை விட்டு ஓரடி விலகினான். மூளை கலங்கின மனுசனின் கதை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்னும் தலைக்கு ஊற்றவில்லை, ஊற்றாமல் ஜும்ஆத் தொழுகைக்கு வரமாட்டேன், போகாமலும் இருக்கமாட்டேன் என்று செய்னுலாப்தீன் அடம்பிடித்தார். பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து, வருத்தக்காரனுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, உடம்பைத் துடைத்து, கைகால் முகம் கழுவி வுழு எடுத்தால் போதும் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். “சலுகை உங்களுக்கு, ஹஸ்ரத். எனக்குத் தண்ணி” என்றார் அவர்.

“அப்ப பெட்டிய என்ன செய்ய?” என்று மர்ளியா கேட்டாள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. அரையில் கட்டிய இசிமைக் குளிக்கும்போது கழற்றினால், அந்த ஓதி எழுதிய தகட்டைச் சும்மா வைக்கமாட்டார்கள். குளித்து முடியும்வரை வீட்டு ஆள் யாராவது அதைத் தன் உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆளில்லாமல் கிடந்தால் காவல் திறந்துவிடும் என்பது அவர்களின் எண்ணம். செய்னுலாப்தீன் பெட்டியையும் அந்தக் கணக்கில்தான் பார்த்தார்.

“நஸீர் போட்டுக்கட்டும்.”

“இது மிசின் மச்சான். இசிமில்ல.”

“கோடு அறுந்தா டொக்டர் ஏசுவா. நீ போடு. உன்ட நெஞ்சு என்ன, ஜும்ஆ நேரத்துச் சோனகத்தெரு ஹோட்டலா, பூட்டி வச்சிரிக்க?”

மர்ளியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீழ்ந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதற்காகவே நஸீர் சட்டையைக் கழற்றினான். அவர் நெஞ்சில் இருந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து அவள் புது ஒட்டுகளை அவன் நெஞ்சில் ஒட்டி வயர்களைப் பூட்டினாள். பெட்டி அவருடைய உடம்புச் சூட்டோடு இருந்தது.

குளித்து முடிக்க ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதால் பெட்டியை மாற்றாமலே போனார்கள்; தொழுகை முடிந்து வந்ததும் செய்னுலாப்தீன் அசதியில் தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் நஸீர் பெட்டியோடேயே துறைக்குப் போனான். வெயில் வெள்ளையாக எரிந்தது. ஜும்ஆ நாள், ஒரு சனம் இல்லை. அவருடைய தோணி முழங்கால் தண்ணீரில் கட்டிக்கிடந்தது. கழுதைகள் ஐந்தாறு நிழலில் நின்றன. வழக்கமாக நஸீரைக் கண்டால் விலகும் சாதி. அன்றைக்கு ஒவ்வொன்றாக வந்து, அவரைச் சுற்றி நிற்பது போல அவனைச் சுற்றி நின்று முகத்தையே பார்த்தன.

அவன் ஏன் ஏறினான் என்று அவனைக் கேட்டால் தெரியாது என்பான். இத்தனை வருசத்துக்குப் பிறகு சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அந்தத் தோணியில் ஏறினான். பலகை அவனுடைய பாரத்துக்கு முனகியது. உள்ளே துடுப்பு கிடந்தது. தண்ணீரில் இறக்கி, பிடியைத் தாடையில் வைத்தான்.

முதலில் இறால்கள் எண்ணெயில் பொரிவது போலச் சடசடத்தன. பிறகு, அதற்கும் கீழே, ஓர் அடி. நின்றது. இரண்டு அடி. நின்றது. பிறகு படியில் உருண்டு விழுகிற தேங்காய் மாதிரி ஓர் ஓட்டம். அவனுடைய நெஞ்சும் அப்போது குழம்பித்தான் துடித்துக்கொண்டிருந்தது. அது அவனுக்கு இடைக்கிடை வருவது, வாய்வு என்று சோடா குடித்துச் சமாளிப்பது. தன் துடிப்பையே கேட்கிறேன் என்று நினைத்துக் கழுத்து நரம்பில் விரலை வைத்தான்.

விரலில் பட்டதும் தாடையில் கேட்டதும் ஒன்றாக இல்லை. இரண்டும் குழம்பியவைதான். ஆனால் ஒன்று நிற்கும்போது மற்றது அடித்தது.

துடுப்பைப் போட்டுவிட்டு அவன் கரைக்கு ஓடினான். கழுதைகள் வழிவிட்டன. அன்று பின்னேரம் பெட்டியை அவர் நெஞ்சில் திரும்பப் பூட்டும்வரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

கிழமை முடிந்து பெட்டியை ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். டொக்டரின் முகத்தில் சந்தோசம். “பிடிபட்டிட்டுது” என்றார். “மற்ற நாளெல்லாம் நல்லா இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் தாளம் தப்பியிருக்கு. இனிப் பயமில்லை, குளிசை தொடங்குவம்.”

மர்ளியா அல்ஹம்துலில்லாஹ் என்று கையை ஏந்தினாள். அந்த நேரம் பெட்டி கிடந்தது நஸீரின் நெஞ்சில். சொன்னால் தன் நெஞ்சுக்குள் சாவு உட்கார்ந்திருக்கிறது என்று தானே ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால், தேவையில்லாத குளிசையை மச்சான் விழுங்குவார், கோணல் காலோடு நடக்கிறவர் ஒரு நாள் விழுவார், ரத்தம் நிற்காது. விழட்டும் என்று உள்ளே எதுவோ சொன்னது. அதுவும் அவனுடைய குரல்தான்.

வீட்டில், மர்ளியா குளிசையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக் குசினிக்குப் போனாள். செய்னுலாப்தீன் அதை இடக்கையால் எடுத்து நஸீரின் பக்கம் நீட்டினார்.

“இது உனக்கு.”

நஸீர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அன்டைக்கே தெரியும். உன்ன இறக்கின அன்டைக்கு” என்றார் அவர். வார்த்தைகள் பாதி மென்றது போல வந்தன, ஆனாலும் நிறுத்தவில்லை. “என்ட வாப்பாட நெஞ்சும் அப்பிடித்தான். தோணியில அவர் சாஞ்சா பலகையில கேட்கும். நான் பொடியன். ஒரு நாள் பட்டப்பகல்ல நடுக்களப்பில நின்டு போச்சு. மய்யித்த முன்னுக்குப் போட்டுட்டுத் தனியத் துடுப்புப் போட்டு வந்தன். ஆள் மௌத்து. உடம்பு குளிர்ந்திட்டு. பலகையில அடி மட்டும் நிற்கல்ல. கரை தட்டுற வரைக்கும் கேட்டிட்டே வந்திச்சு.”

நஸீரின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

“நீ அன்டைக்கு தோணிட முன்பக்கம் அணியத்தில படுத்துத் தூங்கினாய். அதே அடி. வாப்பா திரும்பி வந்திட்டாரு என்டு நினைச்சன்.”

“அத எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“என்னத்தச் சொல்ல? உன்ட நெஞ்சுக்குள்ள என்ட வாப்பா இரிக்காரு என்டா?”

“ஊரு என்னக் கள்ளன் என்டு சொல்லிச்சு மச்சான்.”

“அது ஊருட வாய்.”

“உங்கட வாய் எங்க போச்சு?”

செய்னுலாப்தீன் கோணிய வாயை ஒரு முறை அசைத்தார். “உன்மேல இரக்கத்தில இறக்கினன் என்டு நினைச்சுக்காதே. பயத்தில. இன்னொரு மய்யித்தோட தனிய வர எனக்கு ஏலாது.” மன்னிப்பு என்ற சொல் அந்த மனுசனின் வாயில் நல்லாயிருந்த காலத்திலும் வந்ததில்லை.

நஸீர் குளிசையை எடுத்துக்கொண்டு போய் டொக்டரின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். துடுப்பில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அவர் முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு ஏசினார். “பெட்டியை மாத்திப் பூட்டுறதோ? என்ன விளையாட்டு இது? ரெண்டு உயிரோட விளையாடியிருக்கிறியள்!” ஏசிக்கொண்டே அவனைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர் பூட்டினார். கடதாசியில் கோடு ஓடத் தொடங்கியதும் அவருடைய ஏச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து ரத்தம் இளக்கும் குளிசையை விழுங்குகிறவன் நஸீர்தான். செய்னுலாப்தீனுக்குத் திரும்பவும் பெட்டி பூட்டினார்கள். அந்தக் கிழமை முழுக்கக் கோடு நேராகவே ஓடியது. அவருக்கு வேறு குளிசை.

ஆனால் கட்டில் சட்டத்தில் கேட்டது நிற்கவில்லை. “கிட்ட வருது” என்பார் மர்ளியாவிடம். முதலில் தெருப்பக்கம் கேட்டதாம், பிறகு முற்றத்தில், பிறகு வாசலில். கட்டில் வேண்டாம் என்று தரையில் இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். தரையிலும் கேட்கிறது என்றார். டொக்டரிடம் கேட்டபோது, பாரிசவாதம் வந்த பிறகு சில பேருக்கு இப்படி இல்லாத சத்தம் கேட்கும் என்றார். நஸீர் அதை நம்ப விரும்பினான். களப்பில் அவன் தாடையில் கேட்டதற்கு அவனுக்குப் பாரிசவாதம் எதுவும் வரவில்லையே என்பதுதான் தடை.

கடைசியாக அவர் அவனைக் கூப்பிட்டனுப்பியது ஒரு பின்னேரம். வெயில் இன்னும் முற்றத்தில் இருந்தது. மர்ளியா தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் பாயில் மல்லாக்கக் கிடந்தார். துடுப்பு பக்கத்தில் சுவரோடு சாத்தியிருந்தது. யாரைக் கொண்டு துறையிலிருந்து எடுப்பித்தாரோ தெரியாது.

“இப்ப எங்க கேட்கிது?” என்று நஸீர்தான் கேட்டான்.

அவர் தன் நெஞ்சுக்குப் பக்கத்தில், பாயில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு விட்டிருந்த வெற்றிடத்தைக் கையால் தடவினார்.

“நான் மௌத்தானா என்னக் கழுவ நீ வருவாய் என்ன?”

“விசர்க் கதை கதைக்காதீங்க மச்சான்.”

“வருவியா மாட்டியா?”

“வருவன்.”

“தண்ணி ஊத்துறதுக்கு முந்தி இந்தத் துடுப்ப என்ட நெஞ்சில வச்சு, மத்தப் பக்கத்த உன்ட தாடையில வச்சுக் கேளு. நேரா அடிச்சா அது நான். ஊத்த விடாதே. குழம்பி அடிச்சா அது வாப்பா, கூட்டிட்டுப் போக வந்திரிக்காரு. ஊத்து.” மூச்சு வாங்கிக்கொண்டு அவனுடைய மணிக்கட்டை இடக்கையால் இறுக்கிப் பிடித்தார். “உன்டதும் குழம்பினதுதான். முதல்ல உன்ட கழுத்தில விரல வச்சு, உன்டதக் கழிச்சுப் போட்டுக் கேளு. அவசரப்பட்டு மாத்திப் போட்டுடாதே, நஸீர்.”

கழுவிய நாளில் நஸீர் அப்படித்தான் கழித்துக் கேட்டான், தண்ணீரும் ஊற்றினான்; கழித்தது சரியா என்பதுதான் இன்றுவரை அவனுக்குத் தெரியாது.